வானத்திலிருந்து விழும் தூசு

விடியற்காலம் நாலு மணிக்கே எழும்பி அடுப்பு மூட்டுகிறவர்கள் எங்கள் தோட்டங்களில் ஏராளம். தண்ணீர் பிடிக்கப் பீலிக்குப் போகும்போதோ, இஸ்தோப்பில் நின்று பல் விளக்கும்போதோ, மலைக்கு மேலே ஒரு வெளிச்சக் கோடு சர்ரென்று ஓடி மறைவதை அவர்களில் பலர் கண்டிருப்பார்கள். கண்டவுடன் என்ன சொல்வோம்? "வெள்ளி விழுந்துருச்சு, யாருக்கோ நேரம் வந்துருச்சு" என்போம். பக்கத்தில் நிற்கும் பிள்ளை கையை நீட்டிக் காட்டினால், "பார்க்காதே, உள்ளே போ" என்று அதட்டுவோம். வீட்டில் நோயாளி ஒருவர் படுத்திருந்தால் அன்று முழுவதும் மனசு ஒரு நிலையில் இருக்காது.

இந்தப் பயம் நேற்று வந்ததல்ல. புறநானூற்றின் 229ஆம் பாட்டைப் பாடியவர் கூடலூர் கிழார் என்ற புலவர். பங்குனி மாதத்து இரவொன்றில் வானத்திலிருந்து ஒரு மீன் எரிந்து விழுவதை அவர் கண்டார். தம் அரசனாகிய சேரமானுக்கு என்ன ஆகுமோ என்று கலங்கினார். ஏழாம் நாள் அரசன் இறந்தான். அந்த இரவில் எந்த நட்சத்திரம் உச்சியில் இருந்து சாய்ந்தது, எது எழுந்தது, எது மறைந்தது என்றெல்லாம் புலவர் குறித்து வைத்திருக்கிறார். அவருடைய கண்ணைப் பற்றிக் குறை சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. ஆனால் அரசன் நல்ல சுகத்துடன் இருந்த மற்ற ஆண்டுகளிலும் எரிமீன்கள் விழுந்துதான் இருக்கும். அதற்கெல்லாம் யாரும் பாட்டுப் பாடி வைக்கவில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். சில இரவுகளில் ஒன்று இரண்டு அல்ல, மணிக்கு முப்பது, ஐம்பது, சில வேளை நூறுக்கும் மேலே எரிநட்சத்திரங்கள் ஓடும். இதைத்தான் எரிநட்சத்திர மழை என்கிறோம். இந்த மழைக்கு நாள் குறித்தாயிற்று. மே மாதம் 6ஆம் திகதியை ஒட்டி ஒன்று, ஒக்டோபர் 21ஐ ஒட்டி ஒன்று, டிசெம்பர் 14ஐ ஒட்டி ஒன்று என்று வருஷா வருஷம் தைப்பொங்கல் வருவது போல வரும். வேறு மாதங்களிலும் சில உண்டு. ஒரு மனுசனின் சாவை அறிவிக்க வருகிற ஒன்று, இப்படிக் கலண்டர் பார்த்து வருமா?

அப்படியானால் ஏன் அதே திகதியில் வருகிறது? இந்தப் பாடத்தில் நாம் அதைத்தான் பார்க்கப் போகிறோம். பெற்றோர் வாசித்துவிட்டுப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

விழுவது எது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். வானத்து நட்சத்திரம் ஒவ்வொன்றும் நம் சூரியனைப் போன்ற ஒரு பெரிய நெருப்புக் கோளம். தூரத்தில் இருப்பதால்தான் புள்ளியாகத் தெரிகிறது. அது நம் தோட்டத்துக்குப் பின்னால் வந்து விழ முடியாது. சந்தேகம் இருந்தால் எரிநட்சத்திரம் விழுந்த மறுநாள் இரவு வெளியில் வந்து பாருங்கள். கார்த்திகைக் கூட்டமும், வரிசையாக நிற்கும் அந்த மூன்று நட்சத்திரங்களும் அப்படியே இருக்கும். ஒன்றும் குறைந்திருக்காது.

விழுவது ஒரு தூசு. எவ்வளவு பெரிய தூசு? பேக்டரியில் தேயிலை சலிக்கும் இடத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. டஸ்ட் ரகத்தில் ஒரு மணியை எடுத்து உள்ளங்கையில் வையுங்கள். பி.ஓ.பி. ரகத்தில் ஒரு துணுக்கையும் அதற்குப் பக்கத்தில் வையுங்கள். நாம் காணும் எரிநட்சத்திரங்களில் அநேகமானவை இந்த அளவுதான். கொஞ்சம் பெரியதாக, ஒரு பட்டாணி அளவில் வந்தால் அது வானத்தையே கீறிக்கொண்டு போவது போல அவ்வளவு பிரகாசமாக இருக்கும்.

இத்தனை சின்னத் தூசுக்கு அத்தனை வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? வேகத்திலிருந்து வருகிறது. மே மாதத்து மழையில் வரும் தூசு ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 66 கிலோமீற்றர் வேகத்தில் நம் காற்று மண்டலத்துக்குள் நுழைகிறது. கொழும்பிலிருந்து பதுளை வரை ரயில் பாதை ஏறக்குறைய 290 கிலோமீற்றர். ரயிலில் போனால் ஒரு பகல் போய்விடும். இந்தத் தூசுக்கு ஐந்து செக்கன்கூட வேண்டாம்.

காற்றோடு உரசி எரிகிறது என்று நாம் வழக்கமாகச் சொல்கிறோம். தீக்குச்சி உரசுவது போல நினைத்துக்கொள்ள அது உதவும், ஆனால் முழுச் சரியில்லை. இவ்வளவு வேகமாக வரும் தூசுக்கு முன்னால் உள்ள காற்று விலகிப் போக நேரம் கிடைக்காது. அது நெருக்குண்டு கடுமையாகச் சூடாகிறது. காற்றின் அணுக்கள் மோத மோதத் தூசு உருகி ஆவியாகிறது. அந்த ஆவியும் சுற்றியுள்ள காற்றும் சேர்ந்து ஒளிவிடுகின்றன. நாம் பார்ப்பது அந்த ஒளிக் கோட்டைத்தான். தூசில் சோடியம் இருந்தால் மஞ்சள் சாயலும், மகனீசியம் இருந்தால் பச்சைச் சாயலும் தெரியலாம்.

இதெல்லாம் நடப்பது நம் தலைக்கு மேலே 80 முதல் 120 கிலோமீற்றர் உயரத்தில். பீதுறுதாலகால மலையே 2,524 மீற்றர்தான். அதைப் போல நாற்பது மலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால்தான் அந்த உயரம் வரும். "நாலாம் நம்பர் மலைக்கு அங்கிட்டு விழுந்துச்சு" என்று சத்தியம் செய்கிறவர்களிடம் சண்டை பிடிக்க வேண்டாம். கண்ணுக்கு அப்படித்தான் தோன்றும்.

லொறி போன பாதை

இந்தத் தூசு எங்கே இருந்து வருகிறது? வால்வெள்ளியிடம் இருந்து வருகிறது.

வால்வெள்ளி என்பது பனிக்கட்டியும் தூசும் கல்லும் கலந்த ஓர் உருண்டை. அமெரிக்க விஞ்ஞானி பிரெட் விப்பிள் 1950இல் இந்த விளக்கத்தைக் கொடுத்தார். அழுக்குப் பனிக்கட்டி என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கும். அது சூரியனை நீண்ட பாதையில் சுற்றுகிறது. தூரத்தில் இருக்கும்வரை விறைத்துக் கிடக்கும். சூரியனுக்குக் கிட்ட வந்தால் சூடு ஏறும், பனி ஆவியாகும். அந்த ஆவி வெளியே பாயும்போது உள்ளே சிக்கியிருந்த தூசையும் இழுத்துக்கொண்டு வருகிறது.

மிக நுண்ணிய தூசைச் சூரிய ஒளியே பின்னுக்குத் தள்ளிவிடும். நாம் வால் என்று பார்ப்பதில் பெரும்பங்கு அதுதான். ஆனால் எரிநட்சத்திரமாக வருவது அந்த வால் அல்ல. சற்றுக் கனமான மணிகள் அவ்வளவு சுலபமாகத் தள்ளுப்படாமல், வால்வெள்ளி போகும் பாதையிலேயே பின்தொடர்ந்து ஓடுகின்றன. சில முந்தும், சில பிந்தும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இப்படி நடந்தால் அந்தப் பாதை முழுவதும் தூசாகிவிடும்.

வெயில் காலத்தில் கொழுந்து லொறி தோட்டத்து மண் ரோட்டில் போவதைப் பார்த்திருப்பீர்கள். லொறி பேக்டரிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும், ரோட்டில் தூசு இன்னும் நின்றுகொண்டிருக்கும். அந்த ரோட்டைக் குறுக்கே கடந்து பாடசாலைக்குப் போகும் பிள்ளைக்கு லொறியைக் காணக் கிடைக்காது, தூசு மட்டும் முகத்தில் அடிக்கும். பூமிதான் அந்தப் பிள்ளை. சூரியனைச் சுற்றிவர பூமிக்கு ஓர் ஆண்டு ஆகிறது. வால்வெள்ளியின் பாதையைக் கடக்கும் இடத்துக்கு ஒவ்வோர் ஆண்டும் அதே திகதியளவில்தான் வந்து சேரும். எரிநட்சத்திர மழை நாள் தவறாமல் வருவதற்குக் காரணம் இவ்வளவுதான்.

ஹலி வால்வெள்ளி 1910இலும் 1986இலும் வந்தது. இனி 2061இல் வரும். அது விட்டுச்சென்ற தூசுக்குள் பூமி ஆண்டுக்கு இரண்டு தடவை நுழைகிறது. மே மாதத்தில் ஒரு தடவை, ஒக்டோபரில் ஒரு தடவை. அதாவது ஹலியைப் பார்க்க 75, 76 வருஷம் காத்திருக்க வேண்டும், அதன் தூசைப் பார்க்க அவ்வளவு காத்திருக்கத் தேவையில்லை. 1986 மார்ச் 14ஆம் திகதி ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கியொட்டோ என்ற விண்கலம் ஹலிக்கு 596 கிலோமீற்றர் கிட்டப் போனது. போகும் வழியெல்லாம் தூசு மோதிற்று. மிகக் கிட்டப் போவதற்குச் சில செக்கன்களுக்கு முன்னால், ஒரு கிராமுக்கு மேற்படாத ஒரு துகள் அடித்த அடியில் விண்கலமே ஆட்டம் கண்டு, பூமியோடு இருந்த தொடர்பு கொஞ்ச நேரம் அறுந்து அறுந்து வந்தது. அதன் கமரா பிறகு வேலைக்கு உதவவில்லை. வேகம் சேர்ந்தால் தூசு என்ன செய்யும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

1833 நவம்பர் 13

இந்த உண்மையை மனிதர் கண்டுபிடித்த கதை ஒரு பெரிய பயத்தில் தொடங்குகிறது. 1833 நவம்பர் 13ஆம் திகதி விடியற்காலையில் வட அமெரிக்காவில் வானமே உதிர்ந்தது போல எரிநட்சத்திரங்கள் கொட்டின. மணிக்குப் பல பத்தாயிரம் என்று கணக்கிட்டார்கள். நித்திரையில் இருந்தவர்கள் ஜன்னலில் பட்ட வெளிச்சத்தில் எழும்பினார்கள். உலகம் முடியப் போகிறது என்று பலர் முழங்காலில் விழுந்து அழுதார்கள்.

அந்த நாட்டின் தெற்குப் பகுதியில் அப்போது பருத்தியும் புகையிலையும் விளையும் பெரிய தோட்டங்கள் இருந்தன. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட மக்களும் அவர்கள் பிள்ளைகளும் அங்கே அடிமைகளாக வேலை செய்தார்கள். பிற்காலத்தில் அடிமை ஒழிப்புக்காகப் போராடிப் புகழ் பெற்ற பிரெடரிக் டக்ளஸ் அப்போது மேரிலாந்தில் அடிமையாக இருந்த ஓர் இளைஞன். அந்தக் காட்சியைக் கண்டு தாம் மலைத்துப்போனதை 1855இல் வெளிவந்த தமது நூலில் எழுதியிருக்கிறார். டெனசி மாநிலத்தில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த கதை ஒன்றும் உண்டு. தீர்ப்பு நாள் வந்துவிட்டது என்று நடுங்கிய எசமான், அடிமைகளையெல்லாம் கூப்பிட்டு, யாருடைய தாயை எங்கே விற்றான், யாருடைய தகப்பன் எந்த ஊரில் இருக்கிறான் என்று அவசர அவசரமாகச் சொல்லத் தொடங்கினானாம். அதுவரை அவன் வாயைத் திறந்ததில்லை. எரிநட்சத்திரத்தைப் பற்றி நாம் கேட்ட கதைகளில் மனசை விட்டுப் போகாத கதை இதுதான்.

டெனிசன் ஒல்ம்ஸ்டெட் என்பவர் யேல் கல்லூரியில் ஆசிரியர். அவர் அழுதுகொண்டிருக்கவில்லை. கண்டவர்கள் கண்டதை எழுதி அனுப்புங்கள் என்று பத்திரிகையில் கேட்டார். மற்றப் பத்திரிகைகளும் அதை எடுத்துப் போட்டன. பல ஊர்களிலிருந்தும் சாதாரண ஜனங்களின் கடிதங்கள் வந்தன. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது ஒரு விஷயம் பளிச்சென்று தெரிந்தது. எல்லா எரிநட்சத்திரங்களும் சிம்ம ராசி நட்சத்திரக் கூட்டத்தில் ஓர் இடத்திலிருந்து புறப்பட்டு நாலா பக்கமும் விரிந்து ஓடியிருந்தன. நேரம் போகப் போகச் சிம்மக் கூட்டம் மேற்கே நகர, அந்த இடமும் கூடவே நகர்ந்தது. பூமியின் காற்றில் உண்டான ஒன்றென்றால் அது பூமியோடு அல்லவா நின்றிருக்க வேண்டும்? ஆகவே இது வெளியிலிருந்து வருகிறது என்று அவர் முடிவு கட்டினார்.

ஓர் இடத்திலிருந்து விரிவது போல ஏன் தெரிகிறது? ஹற்றன் ஸ்டேஷனில் நின்று தண்டவாளத்தைப் பாருங்கள். இரண்டு தண்டவாளமும் கடைசி வரை ஒரே இடைவெளியில்தான் போகின்றன. ஆனாலும் தூரத்தில் ஒன்றாகச் சேர்வது போலத் தெரியும். தூசுகளும் அப்படி அடுத்தடுத்து ஒரே திசையில்தான் வருகின்றன.

சிம்ம ராசி மழை 33 வருஷத்துக்கு ஒருக்கால் பெருமழையாக வருகிறது என்பதைப் பழைய குறிப்புகளிலிருந்து ஹியூபர்ட் நியூட்டன் என்பவர் கண்டுபிடித்து, 1866இல் திரும்ப வரும் என்றார். வந்தது. டெம்பல்-டட்டில் என்ற வால்வெள்ளியும் 33 வருஷத்துக்கு ஒருக்கால்தான் வருகிறது, இரண்டின் பாதையும் ஒன்று என்பதும் தெரியவந்தது. அந்த வால்வெள்ளி கடைசியாக 1998இல் சூரியனைச் சுற்றிப் போனது, அடுத்தது 2031இல்.

இன்னும் நம்பாதவர்கள் இருந்தார்கள். அவர்கள் வாயை அடைத்தது பியெலா என்ற வால்வெள்ளி. ஆறே முக்கால் வருஷத்துக்குச் சற்றுக் குறைவான காலத்தில் சூரியனைச் சுற்றி வந்த இது 1846இல் எல்லாரும் பார்த்திருக்க இரண்டாக உடைந்தது. 1852இல் இரண்டும் தனித்தனியே வந்தன. அதற்குப் பிறகு காணவே இல்லை. தேடித் தேடிப் பார்த்தார்கள். 1872 நவம்பர் 27ஆம் திகதி பூமி அந்தப் பாதையைக் கடந்தபோது, வால்வெள்ளிக்குப் பதிலாக ஆயிரக்கணக்கில் எரிநட்சத்திரங்கள் கொட்டின. 1885இலும் கொட்டின. வால்வெள்ளி உடைந்து போனது, அதன் தூசு மட்டும் வந்து சேர்ந்தது.

இந்தத் தூசு நம் தலையில் விழுமா என்று தாய்மார் கேட்பது நியாயம். விழாது. வால்வெள்ளித் தூசு இலேசானது, உதிரக்கூடியது. எண்பது கிலோமீற்றருக்கு மேலேயே ஆவியாகிவிடும். நிலத்தில் விழும் கற்கள் வேறு சாதி. அவை பெரும்பாலும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சுற்றும் பாறைகளின் துண்டுகள். 2013 பெப்ரவரி 15ஆம் திகதி ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்தது அப்படிப்பட்ட ஒன்று. வெளிச்சத்தைக் கண்டு ஜனங்கள் ஜன்னலுக்கு ஓடினார்கள். சற்று நேரத்தில் அதிர்ச்சி அலை வந்து கண்ணாடியை நொறுக்கியது. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் காயம், அநேகமாகக் கண்ணாடியால். அது அபூர்வம். எரிநட்சத்திர மழைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நாமும் பார்க்கலாம்

கருவி ஒன்றும் வேண்டாம். தொலைநோக்கி இருந்தாலும் உதவாது. அகன்ற வானத்தைக் கண்ணால் பார்ப்பதுதான் நல்லது. தோட்டத்தில் வாழும் நமக்கு ஒரு வசதி உண்டு. கொழும்புக்காரர்களின் வானம் தெரு விளக்கில் வெளுத்துக் கிடக்கும், நம் வானம் இருட்டு. மழையும் மூடுபனியும்தான் விட்டுக்கொடுக்க வேண்டும்.

மே 5, 6, 7ஆம் திகதிகளில் விடியற்காலை மூன்று மணியிலிருந்து நாலே முக்கால் வரை கிழக்குப் பக்கம் பாருங்கள். அது ஹலியின் தூசு. வானம் தெளிவாக இருந்தால் மணிக்கு இருபது, முப்பது காணலாம். டிசெம்பர் 13 இரவு ஒன்பது மணிக்குப் பிறகு பார்ப்பது இன்னும் சுகம். எண்ணிக்கையும் கூட, தூசு மெதுவாக வருவதால் பிள்ளைகளும் தவறவிடமாட்டார்கள். அந்த டிசெம்பர் மழையின் தாய் 1983இல் கண்டுபிடிக்கப்பட்ட பேத்தன். அது வால்வெள்ளியைவிடப் பாறைக்கே கிட்ட நிற்கிறது.

பொதுவாக நடுச்சாமத்துக்குப் பிறகு கூடுதலாகத் தெரியும். மழையில் ஓடினால் நெஞ்சுப் பக்கம்தான் அதிகம் நனையும், முதுகு அவ்வளவாக நனையாது. நடுச்சாமத்துக்குப் பிறகு நாம் இருக்கும் பக்கம் பூமி ஓடும் திசைக்கு முன்னால் வருகிறது. போயா நாளையும் கலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள். போயாவை ஒட்டி மழை வந்தால் நிலா வெளிச்சத்தில் பாதிகூடத் தெரியாது.

பிள்ளைகளைத் தனியே அனுப்ப வேண்டாம். மானாப் புல் பக்கமோ தேயிலைக்குள்ளேயோ போக வேண்டாம். அட்டையும் இருக்கும், சில தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டமும் உண்டு. லயத்து வாசலில், விளக்கை அணைத்துவிட்டு, படங்கு விரித்துக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மல்லாந்து படுங்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிஷம் ஆகும். அதற்குள் டோர்ச் அடித்தால், போன் திரையைப் பார்த்தால், திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

மேல் வகுப்புப் பிள்ளைகள் ஒரு கொப்பியை வைத்துக்கொண்டு கால் மணிக்கு ஒரு தடவை எத்தனை கண்டோம் என்று எழுதலாம். ஒவ்வொன்றும் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் ஓடியது என்று ஒரு அம்புக்குறி போட்டு வையுங்கள். பிறகு எல்லா அம்புகளையும் பின்பக்கமாகப் பென்சிலால் நீட்டிப் பாருங்கள், ஒல்ம்ஸ்டெட் கண்டது உங்கள் கொப்பியிலும் தெரிகிறதா என்று. மேகம் மூடியிருந்த நேரத்தையும் எழுத மறக்க வேண்டாம். பத்து நிமிஷம் மூடியிருந்தால் கணக்கில் அந்தப் பத்து நிமிஷத்தைக் கழிக்க வேண்டும்.